ஏழு அடிக்குப் பயந்தவர்கள்

புதுக்கோட்டைக்கு அருகே உள்ள சித்தன்னவாசல் மலைக்கு நல்லதொரு தார்ச்சாலை போட்டு, ஏழடிப் பட்டத்துக் குகை வாசல்வரை கார் போகும்படி செய்துவிட வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். அது முடியாவிட்டால் பழனியில் இருப்பதுபோல் ஒரு ரோப் காராவது வேண்டுமாம். “வெயிலில் ஏறி இறங்கி ஒரு பகல் பாழாயிற்று. கடைசியில் பார்த்தது என்ன? கல்லில் 17 படுக்கை!” என்பது அவருடைய புகார். அவர் ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கூட இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் கனகசெட்டிக்குளத்தில் மணல்மேட்டைத் தவிர வேறு மேடு கிடையாது. மலையைப் பற்றிப் பேச உமக்கென்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். யோக்கியதை இல்லாமல் இல்லை. சித்தன்னவாசல் ஓவியங்களை 1920-ஐ ஒட்டி வெளியுலகுக்குத் தெரியப்படுத்தியவர்களில் ஒருவர், எங்கள் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய். பிரெஞ்சுக்காரர். அவர் தார்ச்சாலை வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

அந்தக் குகையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மலையின் ஒரு பக்கம் படியேறி, முகட்டைக் கடந்து, மறுபக்கத்துச் செங்குத்துச் சரிவை ஒட்டிப் போக வேண்டும். பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்து ஏறியதால்தான் அதற்கு ஏழடிப் பட்டம் என்று பெயர் வந்தது. உள்ளே வழவழப்பாக இழைத்த படுக்கைகள். தலைப்பக்கம் கல்லிலேயே தலையணை. பெரிய படுக்கை ஒன்றில், கி.மு. முதல் நூற்றாண்டு என்று அறிஞர்கள் கணிக்கும் தமிழ்ப் பிராமி எழுத்து. சமணத் துறவிகள் படுத்த இடம் அது. அடிவாரத்தில் அவர்களுக்கு இடமா இல்லாமல் போயிற்று? நிழலும் தண்ணீரும் உள்ள சமவெளியை விட்டு அந்த விளிம்புக்குப் போனார்கள் என்றால், ஊரின் சந்தடி அங்கே வரக் கூடாது என்றுதான் போனார்கள். சந்தடியை நாம் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டால், பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கும்? 17 கல் படுக்கைதான் இருக்கும். நண்பரின் புகார் அப்போது நியாயமாகிவிடும்!

சுலபமாகப் போகக்கூடிய இடத்தின் கதி என்ன என்பதையும் அதே மலையில் பார்க்கலாம். அறிவர் கோயில் என்ற குடைவரை, அதிகச் சிரமமில்லாமல் எட்டக்கூடியது. அதன் விதானத்தில் தாமரைக் குளம், மீன், அன்னம், பூப்பறிக்கும் மனிதர்கள். ஆயிரம் ஆண்டு தாங்கிய அந்த ஓவியங்கள், போதிய காவல் இல்லாத சில பத்தாண்டுகளில் மனிதக் கைகளால் மிகவும் சிதைந்தன. ஏழடிப் பட்டத்துக்கும் இன்று இரும்புக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். துறவியின் படுக்கையைச் சிறைக்கூடமாக்கியது யார்? ஆணியால் தன் பெயரையும் காதலியின் பெயரையும் கீறுகிற நம்மவர்தான்.

“அந்தக் காலத்தவர்களும் எழுத்து வெட்டினார்களே!” என்று வாதாடுவார்கள். வெட்டினார்கள். ஒரு துறவிக்காக மற்றவர்கள் செய்து கொடுத்த இருக்கை இது என்று அந்தப் பழைய எழுத்துச் சொல்கிறது. பிறருக்குக் கொடுத்ததைச் சொல்லும் எழுத்தும், நானும் வந்தேன் என்று பீற்றிக்கொள்ளும் எழுத்தும் ஒன்றா?

வயதானவர்களும் கால் முடியாதவர்களும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி ஒன்று உண்டு. இது நியாயமான கேள்வி. பிரான்ஸில் லாஸ்கோ குகை ஓவியங்கள் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றாலேயே கெடுவதைக் கண்டு 1963-ல் குகையை மூடிவிட்டார்கள். 1983-ல் பக்கத்திலேயே அச்சு அசலாக ஒரு நகல் குகையை அமைத்துத் திறந்தார்கள். நாமும் அடிவாரத்தில் நல்ல நகல் ஒன்றைச் செய்து, விளக்கிச் சொல்ல ஆளும் வைக்கலாம். தாத்தாவும் பாட்டியும் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் தாத்தாவைக் காட்டிச் சாலை கேட்கிறவர்களில் பலர், நடக்கச் சோம்பும் முப்பது வயதுப் பேரன்மார்கள்!

நடையில் வேறொரு லாபமும் இருக்கிறது. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியிலும் சமணக் குகையும் பிராமி எழுத்தும் உண்டு. அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024-ல் முடிந்தபோது, அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் அந்த வட்டாரத்துக் கிராமத்து ஜனங்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எந்தச் சுனை எங்கே இருக்கிறது, எந்தப் பாறை நிழலில் ஆடு ஒதுங்கும் என்று காலால் தெரிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். கார்க் கண்ணாடி வழியே மட்டும் மலையைப் பார்த்தவன், அது ஜல்லியாகப் போகிறது என்று கேட்டால் “அப்படியா?” என்பான், அவ்வளவுதான்.

ஆகவே என் கட்சி இது: மலைமேல் சாலை வேண்டாம், ரோப் காரும் வேண்டாம். இருக்கிற படிகளையும் கைப்பிடிக் கம்பியையும் பழுதில்லாமல் வைத்திருந்தால் போதும். போகிறவர்கள் காலையில் வெயிலுக்கு முன்னே ஏறட்டும். குடிதண்ணீர் எடுத்துப் போகட்டும். காலிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவரட்டும். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போகட்டும். அவர்கள் சிணுங்கினால் சிணுங்கட்டும். நாளைக்கு அந்த மலைக்காகப் பேச வேண்டியவர்கள் அவர்கள்தாம்.