பொக்காளி வயலும் உழவரின் விருப்பமும்

பருவநிலைக்கு உகந்த பயிர்முறைகளை உழவர் ஏற்பாரா, அவற்றிற்குத் தம் கைப்பொருளைச் செலவிடுவாரா என்னும் வினா இந்நாளில் அடிக்கடி எழுகின்றது. உழவரைத் தனித்தனியே கண்டு, அவர் தரச் சம்மதிக்கும் தொகையைக் கேட்டுக் கணக்கிடுவதும் வழக்கமாகியுள்ளது. இம்முறை மட்டும் போதாது என்பதை எர்ணாகுளம் மாவட்டத்துப் பொக்காளி வயல்கள் உணர்த்துகின்றன.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே கும்பளங்கி, செல்லானம் ஆகிய ஊர்களிலும், வடக்கே கடமக்குடித் தீவுகளிலும் உப்பங்கழியை ஒட்டி இவ்வயல்கள் அமைந்துள்ளன. கோடையில் நீரை வடித்து, மண்ணை மேடுகளாகக் குவித்து வைப்பர். பருவமழை உப்பைக் கழுவியதும், ஜூன் மாதத்தில் முளைகட்டிய நெல்லை அம்மேடுகளில் விதைப்பர். அறுவடையில் கதிரை மட்டும் அரிந்து, தாளை நீரிலேயே விட்டுவிடுவர். அது மக்கி, நவம்பர் முதல் ஏப்ரல் வரை வளரும் இறாலுக்கு இரையாகின்றது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகின்றது. இரசாயன உரமும் பூச்சிமருந்தும் தேவைப்படுவதில்லை. உப்பைத் தாங்கும் திறனைத் தரும் 'சால்டால்' என்னும் மரபுக்கூறு பொக்காளி நெல்லிலிருந்தே கண்டறியப்பட்டு, பல நாடுகளின் நெல் ஆராய்ச்சியில் பயன்பட்டு வருகின்றது.

இத்துணை நலன்கள் இருந்தும் சாகுபடி பெரிதும் சுருங்கிவிட்டது. இதனை உழவரின் அறியாமை என்று கூறுதல் பொருந்தாது. சேற்றில் நின்று கையால் அறுக்கும் கூலி, நெல்லின் விலையை விழுங்கிவிடுகின்றது. சாதாரண அறுவடை இயந்திரமோ சேற்றில் புதைந்துவிடும். இறாலோ மிகுந்த ஆதாயம் தருகின்றது.

இவற்றிலும் பெரிய இடர் ஒன்றுண்டு. பல உழவரின் நிலங்கள் சேர்ந்த பாடசேகரம் முழுமைக்கும் நீர் புகும் மதகு பொதுவானது. இறாலை முன்னிட்டு அதில் உப்புநீரை உரிய காலத்திற்கு மேலும் நிறுத்தி வைத்தால், நெல் விதைக்க விரும்பும் அண்டை வயற்காரர் செய்வதறியாது நிற்பார். புதிய விதையை ஒருவர் தம் வயலின் ஒரு மூலையில் இட்டுச் சோதிக்கலாம். பொது நீரை அவ்வாறு சோதிக்க இயலுமா? அவர் எவ்வளவு பொருள் தர இசைந்தாலும், தனியொருவரின் இசைவால் மதகு அடைபடாது.

நெல்வயலை வேறு பயன்களுக்கு மாற்றாது காத்துவரும் உடைமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கும் திட்டத்தைக் கேரள அரசு 2020-இல் தொடங்கியது. நெல்வயல் பொதுநன்மை தருவது என்பதை ஏற்றுக்கொண்ட நற்செயல் இது. எனினும், நிலத்தைக் காப்பது வேறு. அதில் நெல் விளைவிப்பது வேறு. உப்புநீரை உரிய காலத்தில் வடித்து, ஒருமித்து நெல் விதைக்கும் பாடசேகரம் முழுமைக்கும் ஊக்கத்தொகை அளித்தல் வேண்டும். சேற்றுநிலத்திற்கேற்ற அறுவடைப் பொறியை அமைத்துத் தருவது விஞ்ஞானிகளின் பொறுப்பாகும்.

கடல்நீர் உட்புகும் நாகப்பட்டினக் கரையோரத்திற்கும் இப்படிப்பினை பயன்படும். உழவர் எவ்வளவு தருவார் என்று வினவுமுன், அவர் உழைப்பால் விளையும் பொதுநன்மைக்கு நாம் எவ்வளவு தருவோம் என்று வினவுதலே முறையாகும்.