கேள்வி கேட்கும் போலீஸ்காரர்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை, மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற இருவர் தணிந்த குரலில், "ஏ.சி.பி.யைக் கொன்றுவிட்டார்களாமே" என்று பேசிக்கொண்டார்கள். ஊருக்குப் புதியவர் யாராவது கேட்டிருந்தால், உண்மையிலேயே ஒரு போலீஸ் அதிகாரி உயிர் விட்டார் என்றுதான் நினைத்திருப்பார். குண்டு வெடிப்பில் இறந்ததாகக் காட்டப்பட்டவர், சோனி தொலைக்காட்சியின் 'சி.ஐ.டி.' தொடரில் வரும் ஏ.சி.பி. பிரத்யுமன். அந்த வேஷத்தைப் போடும் சிவாஜி சாட்டம் சௌக்கியமாகவே இருந்தார். ஆனாலும் ரசிகர்கள் சும்மா விடவில்லை. கூச்சல் பலமாகவே, கொஞ்ச நாளில் ஏ.சி.பி.யை மறுபடியும் கதைக்குள் உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள். கதாசிரியர்களுக்கு இதெல்லாம் ஒரு சிரமமில்லை.

ஒரு பெட்டிக்குள் நடமாடும் மனிதருக்காக, பிள்ளை குட்டி பெற்றவர்கள்கூட ஏன் இவ்வளவு சங்கடப்பட்டார்கள்? சிரித்துவிட்டுப் போகத்தக்க கேள்வி அல்ல இது. நம்மைப்போல் வேறு மாநிலத்தில் பிழைக்க வந்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பி.பி. சிங் தயாரித்த இந்தத் தொடர் 1998 ஜனவரி 21-ஆம் தேதி தொடங்கி 2018 அக்டோபர் வரை ஓடியது. ஆயிரத்து ஐந்நூறு அத்தியாயங்களுக்கு மேல். 2004-ஆம் ஆண்டில் ஓர் அத்தியாயத்தை 111 நிமிஷம் காமிராவை நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்துச் சாதனை செய்தார்கள். பிறகு 2024 டிசம்பரில் தொடர் மறுபடியும் ஆரம்பித்தது. இத்தனை வருஷத்திலும் பிரத்யுமன் ஏ.சி.பி.யாகவேதான் இருந்தார். இருபது வருஷம் ஒரே பதவியில் உட்கார்ந்திருக்கும் வேதனை, நம் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டி.சி.பி. சித்ரோலே என்று மேலதிகாரி ஒருவர் அவ்வப்போது வந்து குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போவார். பிரத்யுமன் பல்லைக் கடித்துக்கொண்டு தம் வேலையைப் பார்ப்பார். எந்த ஆபீஸில்தான் சித்ரோலே இல்லை!

இன்னொரு பொருத்தமும் உண்டு. நடிப்பை முழு நேரத் தொழிலாகக் கொள்வதற்கு முன் சிவாஜி சாட்டம் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவில் உத்தியோகம் பார்த்தவர். எனக்கு இது தெரிய வந்தபோது, அவருடைய பிரசித்தமான அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் புதிதாக ஓர் அர்த்தம் கிடைத்தது. விரல்களை விரித்துக் காற்றில் சுழற்றியபடி, "குச் தோ கட்பட் ஹை" என்பாரே, அதைத்தான் சொல்கிறேன். எங்கேயோ ஏதோ இடிக்கிறது என்கிறார். பாங்க்கில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் குறைந்தாலும் கூடினாலும் டாலி ஆகவில்லை என்று அர்த்தம். டாலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கையிலிருந்து ஒரு ரூபாய் போட்டுச் சரிக்கட்டுவதும் குற்றமே. எந்தச் சீட்டில் பிசகு என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும். பிரத்யுமன் குற்றம் நடந்த இடத்தில் நின்று சொல்வதும் இதைத்தான். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, ஆனால் ஜன்னலோரம் ஈரச் செருப்புத் தடம். கணக்கு டாலி ஆகவில்லை. மற்ற எல்லோரும் தற்கொலை என்று எழுதி மூடிவிட்டுப் போகத் தயாராக இருக்கும்போது, இந்த நரைத்த தலை மட்டும் மூட விடாது.

அறுபதுகளின் பிற்பகுதியில், மராட்டியர்களின் குமாஸ்தா வேலைகளைத் தென்னிந்தியர்கள் பறித்துக்கொள்கிறார்கள் என்ற கோஷம் இந்நகரில் கிளம்பி, நம்மவர்கள் பலர் அடியும் உதையும் பட்டார்கள். அந்தக் கசப்பை அறிந்த பெரியவர்களின் வீடுகளிலேயே, பாங்க் உத்தியோகத்திலிருந்து வந்த ஒரு மராட்டிய நடிகரைச் சொந்த மாமாவைப்போல் கொண்டாடினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பிரத்யுமனின் நேர்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்தவுடனே நகுலின் கதையைச் சொல்வார்கள். குற்றவாளியாகிவிட்ட தன் சொந்த மகனையே சுட்டுக் கொன்ற தகப்பன் அவர். நமக்கு இது புதிதல்ல. 1974-இல் 'தங்கப்பதக்கம்' படத்தில் எஸ்.பி. சௌத்ரியாக வந்த சிவாஜி கணேசன் இதையே செய்தார். 1982-இல் 'சக்தி' என்ற இந்திப் படத்தில் திலீப் குமாரின் கையில் துப்பாக்கி இருந்தது, எதிரே மகனாக அமிதாப் பச்சன். அதற்கெல்லாம் முன்னால் மனுநீதிச் சோழன் தேர்க்காலை ஏற்றியிருக்கிறான். மராட்டிய மன்னர் சிவாஜியாக நாடகத்தில் நடித்ததால்தான் நம் கணேசனுக்கு அந்தப் பெயரே வந்தது. அதே பெயர் கொண்ட மராட்டிய நடிகர் ஒருவருக்குப் பிற்காலத்தில் அதே தகப்பனின் கதி அமைந்ததை விசித்திரமான ஒற்றுமை என்றே சொல்லவேண்டும்.

ஆனால் நகுலைச் சுட்டதுதான் பிரத்யுமனின் பெருமை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது பெரிய காட்சி, கைக்குட்டையை நனைக்கும். நம்மில் யாருக்கும், எந்த நிஜப் போலீஸ் அதிகாரிக்கும்கூட, வாழ்க்கையில் அப்படி ஒரு கட்டம் அநேகமாக வரப்போவதில்லை. தினம் வருகிற கட்டம் வேறு. முன்னால் ஒருவன் நிற்கிறான். அவன்தான் செய்தான் என்று நாலு பேர் சொல்கிறார்கள். அப்போது அந்த அதிகாரி இன்னும் ஒரு கேள்வி கேட்பாரா, மாட்டாரா? இதைத்தான் பார்க்கவேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன்.

2001-ஆம் வருஷம், நல்ல மழைக்காலம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது பத்தொன்பது. ராத்திரி படுக்கை பட்டறையின் பரணிலேயே. ஒரு நாள் சேட்டின் மேஜை டிராயரிலிருந்து பதினாலாயிரம் ரூபாயைக் காணோம். ராத்திரி அங்கே இருந்தவன் இவன்தான் என்று ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். பையனுக்கு இந்தி தெரியாது. "ஹாம்ஜி" என்ற ஒரு வார்த்தைதான் உருப்படியாகத் தெரியும். பட்டறையில் எது சொன்னாலும் அதைச் சொல்லியே எட்டு மாதம் ஓட்டியிருக்கிறான். ஸ்டேஷனில் அறைந்துவிட்டுக் கேட்டார்கள். பணத்தை எடுத்தாயா? ஹாம்ஜி. ஊருக்கு அனுப்பிவிட்டாயா? ஹாம்ஜி. காரியம் முடிந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எழுதிவிட்டார்கள்.

மறுநாள் காலை, சாளில் உள்ளவர்கள் சொல்லி, மொழிபெயர்க்க நான் போனேன். பையனின் இடது கன்னம் வீங்கியிருந்தது. பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குள் வந்தார் ஒரு வயதான அதிகாரி. ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எழுதி வைத்த காகிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதலில் என்னிடம், "இவன் சாப்பிட்டானா, கேளுங்கள்" என்றார். இல்லை என்றான். டீயும் பாவும் வந்தன. பிறகு சேட்டைப் பார்த்து, "டிராயர் உடைந்திருக்கிறதா?" என்றார். இல்லை. "சாவி யாரிடம் இருந்தது?" சேட் பதில் சொல்லவில்லை. சாவி இரண்டு, ஒன்று அவரிடம், மற்றது அவருடைய மருமகனிடம். அதிகாரி அதற்கு மேல் குரலை உயர்த்தவே இல்லை. மத்தியானம் பையனை என்னோடு அனுப்பிவைத்தார்கள். புகாரை சேட் வாபஸ் வாங்கிக்கொண்டார். மருமகன் விஷயம் அந்த வீட்டோடு போயிற்று.

ராத்திரி முழுவதும் அந்த ஸ்டேஷனில் ஆட்கள் இருந்தார்கள். அந்த ஒரு கேள்வியை எவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு கொஞ்ச காலம் பையன் எங்கள் கோலியில்தான் படுத்துக்கொண்டான். எல்லோரும் சேர்ந்து 'சி.ஐ.டி.' பார்ப்போம். பிரத்யுமன் கேள்வி கேட்க ஆரம்பித்தால் டி.வி.க்கு ஒரு முழம் கிட்டே நகர்வான். கடைசியில் இன்ஸ்பெக்டர் தயா கையை ஓங்கும் நேரம் வந்ததும், எழுந்து வெளியே காலரிக்குப் போய்விடுவான். விளம்பரம் வந்த பிறகுதான் திரும்புவான். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இந்தத் தொடரோடு எனக்குள்ள ஒரே சண்டையும் இதுதான். ஒரு மணி நேரம் பிரத்யுமன் பொறுமையாகச் சாட்சியம் சேர்க்கிறார். டாக்டர் சாலுங்கே ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தையும் முடியையும் சோதித்துச் சொல்கிறார். கணக்கு டாலி ஆகிவிடுகிறது. அத்தோடு கைது செய்ய வேண்டியதுதானே? அதற்கு மேல் ஒரு அறை எதற்கு? சில சமயம் ஏ.சி.பி.யின் கையே நீளும். அறை விழுந்ததும் குற்றவாளி கதை முழுவதையும் ஒப்பிக்கிறான். உனக்குத் தூக்குத்தான் என்று தீர்ப்பும் அங்கேயே சொல்லியாகிறது. நீதிபதிக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை.

சட்டம் இதற்கு நேர் எதிர். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்று, வெள்ளைக்காரன் 1872-இல் இயற்றிய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவே சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22-ஆவது ஷரத்து. கைதான விஷயத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. வீட்டை விட்டு வந்து தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடித்தால்தான் உண்மை வரும் என்று வாதாடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் அடி வாங்காதவர்கள். 1983-இல் வந்த 'அர்த் சத்யா' படத்தில் ஓம் புரி நடித்த சப்-இன்ஸ்பெக்டர் வேலங்கர், நல்லவராகத்தான் ஆரம்பிக்கிறார். கடைசியில் லாக்கப்பில் ஒருவனை அடித்தே கொன்றுவிடுகிறார். குண்டூரில் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லித் தாம் பட்ட அடியைத்தான் கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். வெற்றிமாறன் அதை 'விசாரணை' என்று படமாக்கினார். வேறு மாநிலம், தெரியாத மொழி, பிழைக்க வந்த தமிழன். தாராவிப் பையனுக்கு அன்று காலை பத்து மணிக்கு அந்தப் பெரியவர் வந்தார். குண்டூரில் அப்படி யாரும் நேரத்துக்கு வரவில்லை.

ஆகவே, தொடரில் என்ன குறை இருந்தாலும், பிரத்யுமனை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இன்றைய சினிமாப் போலீஸ்காரர்கள் பாய்ந்து வருகிறார்கள், பறந்து அடிக்கிறார்கள். நம் 'சிங்கம்' 2010-இல் கர்ஜித்தது. அடுத்த வருஷமே இந்தியிலும் கர்ஜித்தது. கைதட்டி ரசிக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த வீரர்களுக்கு எல்லாம் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. யார் அயோக்கியன் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. பிரத்யுமனுக்கு வருகிறது. தலை நரைத்த பிறகும், ஆயிரத்து ஐந்நூறு கேஸ் பார்த்த பிறகும், ஒவ்வொரு தடவையும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ இடிக்கிறதே என்கிறார்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். தாராவியிலேயே சொந்தப் பட்டறை, ஆறு மெஷின். ஏப்ரலில் அந்த அத்தியாயம் வந்த ராத்திரி எனக்கு டெலிபோன் செய்தான்.

"அண்ணாச்சி, பிரத்யுமன் சாரைக் கொன்னுட்டாங்க. பாத்தியளா?"

"கதைதானே தம்பி. திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள், பார்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல வந்தாரே ஒரு பெரியவர், அவர் இப்ப இருப்பாரா அண்ணாச்சி?"

மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியிருக்கும். தெரியவில்லையே தம்பி என்றேன்.