இறக்கத்தில் ஒரு பயிற்சி

யப்பானியரான கெய்சோ மியுரா, 2003ஆம் ஆண்டில், தமது 99ஆவது வயதில், மொன் பிளாங் மலையின் பனிச்சரிவிலே சறுக்கி இறங்கினார். நம் கடுகண்ணாவையில் பனி ஏது? சரிவுக்கோ பஞ்சமில்லை.

ஏறுகையில் மூச்சு வாங்கும். இறங்குகையிலோ தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்கித் தடுக்கவேண்டும். பனிச்சறுக்குவோரைக் காப்பதும் இவ்வலிமையே. "விழுந்துவிடுவீர்கள்" என்று பாட்டனாரைச் சாய்மனைக் கதிரையில் இருத்திவிடுகிறோம். அன்பினாலேதான், ஆயினும் உழைக்காத தொடை மெலியும், மெலிந்த தொடையே அவரை விழுத்தும்.

நெஞ்சுநோ, முழங்கால் வீக்கம் உள்ளவர் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. ஏனையோர் வாகனம் மலிந்த பெருவீதியை விடுத்து, பாறையைக் குடைந்து சென்ற பழைய பாதையில், கைத்தடியுடன் சிற்றடி வைத்து இறங்கலாம் என்போம். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். திரும்பி ஏறுவதற்குப் பஸ் இருக்கிறது.