முப்பது நாள் பொறுக்காது

பட்டர்வொர்த்தில் எங்கள் எதிர்வீட்டில் சென்ற மாதம் ஒரு பெண் மகவு பிறந்தது. இராப்பொழுதில் சிணுங்காமலும், பாலுக்கு அழாமலும், தட்டி எழுப்பினாலன்றி விழியாமலும் உறங்கிய அச்சிசுவைக் கண்டு, "பெற்றவளைப் படுத்தாத தங்கம், தம்பி" என்று பாட்டியம்மாள் பூரித்திருந்த வேளையில்தான், பிரசவத்தின்போது தொப்புள்கொடியிலிருந்து எடுத்த இரத்தத்தில் தைராய்டுக் குறைவு தென்படுகிறது, உடனே குழந்தையைக் கொண்டுவாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

"முப்பது நாள் தீட்டுக் கழியாமல் வாசற்படி தாண்டுவதா?" என்றார் பாட்டி.

குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமர்ந்திருக்கும் தைராய்டுச் சுரப்பி அயோடினைக் கொண்டு ஆக்கும் தைராக்ஸின்தான் சிசுவின் மூளைக்கு வளர்ச்சி தருவது. சுரப்பியே உருவாகாமலோ, இடம் மாறி அமைந்தோ பிறக்கும் குழந்தையையும் கருவறையில் தாயின் தைராக்ஸின் ஓரளவு காத்துவிடுவதால், பிறந்தவுடன் முகத்தில் பெரும்பாலும் யாதொரு குறையும் தெரிவதில்லை. ஆனால் பற்றாக்குறையை உணர்ந்த பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்னும் சுரப்பை மிகுதியாகப் பொழிகிறது; கண்ணுக்குப் புலப்படாத அந்த மிகுதியைத்தான் இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கிறது.

ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொண்டு ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கில வைத்தியர் 1891இலேயே தைராய்டுக் குறைவுற்ற ஒரு மாதைத் தேற்றினார். அந்த மாது பின்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். மருந்து பழையது, காலத்தில் கண்டறியும் ஏற்பாடே புதியது. மலேசியாவில் அது 1998 முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் ஓடும், படிக்கும். மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்த புத்தி வளர்ச்சியை எந்த ஔஷதமும் மீட்டுத் தராது. தீட்டுக்கு முப்பது நாள் உண்டு, மூளைக்கு இல்லை.

"நான் என்ன பாவம் செய்தேன்?" என்று ஆஸ்பத்திரியில் அழுத தாய்க்கு, இது எவர் பாவமுமன்று என்று டாக்டர் ஆறுதல் சொல்லி, தைராக்ஸின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துத் தினந்தோறும் கரண்டியால் புகட்டவும், சோயாப் பால்மாவை அத்துடன் சேர்க்காதிருக்கவும் கற்பித்தாராம்.

நேற்றிரவு இரண்டு மணிக்கு எதிர்வீட்டில் வீறிட்டெழுந்த அழுகை தெருவையே எழுப்பியது. விடிந்ததும் தூக்கம் கெட்ட கண்களோடு வாசலில் நின்ற பாட்டி, "கேட்டீங்களா தம்பி, பசிக்குதாம்!" என்றார்.