ஒரு சிட்டிகை உப்பு

'பிரசாரம்' என்ற சொல்லுக்கு இந்நாளில் அவ்வளவு நல்ல பெயர் இல்லை. அதைக் கேட்டவுடன் தேர்தல் காலத்து ஒலிபெருக்கியும், சுவர் முழுவதும் ஒட்டிய காகிதமுந்தான் நினைவுக்கு வருகின்றன. சுகாதாரத்தின் பொருட்டுச் செய்யப்படும் பிரசாரமோ பல சமயங்களில் இன்னும் பரிதாபமானது. 'கை கழுவுக' என்று பலகை எழுதித் தண்ணீர் வராத குழாய்க்கு மேல் மாட்டிவிட்டு, ஜனங்களுக்கு அறிவு புகட்டியாயிற்றென்று திருப்தியடைகிறவர்கள் உண்டு. ஆனால் ஜனங்களின் பழக்கத்தை மெய்யாகவே மாற்றிய பிரசாரமும் நடந்திருக்கிறது. அதுவும் தூர தேசத்தில் அன்று. நம் அண்டையிலுள்ள வங்காள தேசத்தில்.

வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையின் உயிரைப் பெரும்பாலும் கொண்டுபோவது உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதே. வெறும் தண்ணீர் கொடுத்தால் மட்டும் போதாது. உப்போடு சிறிது சர்க்கரையும் சேர்ந்தால், சர்க்கரை குடலின் சுவரைக் கடக்கும்போது உப்பையும் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது; உப்பின் பின்னே நீரும் போகிறது. 1968-ல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்டு காஷ் என்ற இரு இளம் அமெரிக்க வைத்தியர்கள் காலரா நோயாளிகளிடம் இதை நிரூபித்தார்கள். 1971-ல் அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை கடந்து வந்தபோது, பன்காவ் முகாமில் நரம்பின் வழியே ஏற்றும் திரவம் போதாமற் போயிற்று. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்புச் சர்க்கரை நீரைப் பெரிய பாத்திரங்களில் கரைத்துவைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், மாண்டவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு.

மருந்து கிடைத்துவிட்டது, அது அடுக்களையிலேயே இருக்கிறது. அதை எழுத்தறியாத லட்சோபலட்சம் தாய்மாரிடம் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? 1972-ல் பஸ்லே ஹசன் அபேத் ஸ்தாபித்த 'பிராக்' என்னும் சங்கம் 1980-ல் இதைத் தலைமேற் போட்டுக்கொண்டது. கிராமத்துக்குக் கிராமம், வீட்டுக்கு வீடு, பெண்களை அனுப்பிற்று. பத்து வருஷங்களில் அவர்கள் ஏறி இறங்கிய வீடுகள் 1 கோடியே 20 லட்சம். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், சுமார் அரை லிட்டர் தண்ணீர் - இவ்வளவே பாடம். சொல்லிக் கொடுக்கப் போனவள் தான் கலந்து காட்டிவிட்டுத் திரும்பினால் போதாது. தாய் தன் கையால், தன் வீட்டுப் பாத்திரத்தில் கலக்கவேண்டும்.

சம்பள ஏற்பாடு வெகு விசித்திரம். சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைப் பொறுக்கியெடுத்துத் தாயைக் கேள்வி கேட்பார். நீரைக் கலக்கச் சொல்லிச் சோதிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் கற்பித்தவளுக்கு ஊதியம்! பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகச் சாக்குக்கட்டி பிடிக்கும் எமக்கு இதைப் படித்தபோது சற்றுத் தூக்கிவாரிப் போட்டது. பரீட்சை முடிவைப் பார்த்துச் சர்க்கார் உதவிப்பணம் அளக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சென்னை மாகாணத்திலும் இருந்து, உபாத்தியாயர்களைப் படாதபாடு படுத்தியது. வங்காளத்தில் அது பலித்ததற்குக் காரணம், பாடம் ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் என்பது எமது அபிப்பிராயம்.

ஆயினும் ஒரு குறை. தாய்மார் பாடத்தை ஒப்பித்தார்கள். குழந்தைக்கு வயிறு போனபோது மிகச் சிலரே அந்நீரைக் கொடுத்தார்கள். ஏன் என்று விசாரித்தபோது வெளிவந்தவற்றுள் முக்கியமானது ஒரு சொல்லின் கோளாறு. நாம் ஒரே பெயரால் அழைக்கும் நோயை அந்தக் கிராமத்துப் பெண்கள் நாலாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: பால்குடிக் குழந்தைக்கு வருவது ஒன்று, அஜீரணத்தால் வருவது ஒன்று, சீதத்தோடு போவது ஒன்று, தண்ணீராய்க் கொட்டுவது ஒன்று. பிரசாரகர்கள் சொன்ன 'டயரியா' என்ற பெயர் அவர்களுக்குக் கடைசி வகையை மட்டுமே குறித்தது. மற்ற மூன்றுக்கும் இந்த நீர் என்று எவரும் சொல்லவில்லையே! இதில் நாம் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மாந்தம், கழிச்சல், சீதபேதி, வாந்திபேதி என்று நம் பாட்டிமார் பிரித்துச் சொல்லும் வீட்டில் போய் 'வயிற்றுப்போக்கு' என்று அச்சடித்த காகிதத்தை நீட்டினால் நடப்பதும் அதுதான்.

வேறு காரணங்களும் இருந்தன. கற்பித்த பெண்களிலேயே பலருக்கு அந்நீரில் நம்பிக்கையில்லை. அவர்களைக் காலரா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று கண்ணாரக் காணச் செய்தார்கள். வீட்டு ஆண்களை விட்டுவிட்டதும் பிசகென்று கண்டு, மசூதியிலும் சந்தையிலும் அவர்களிடம் பேச ஆள் அனுப்பினார்கள். பிறகே வழக்கம் வேரூன்றிற்று. 1980-க்கும் 2005-க்கும் இடையே அந்நாட்டில் இந்நோயால் மாளும் குழந்தைகளின் தொகை நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தது. அதன் புகழ் முழுவதும் இந்த ஒரு முயற்சிக்கே உரியதென்று நாம் சொல்லவில்லை, பெரும்பங்கு உரியது.

நிற்க. நல்ல பிரசாரம் ஒரு சொல்லுக்கு மதிப்பை உண்டாக்கிவிட்டால், அம்மதிப்பின் மேல் கண் வைக்கிற வியாபாரியும் வந்துவிடுகிறான். நம் நாட்டில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற மூன்றெழுத்தைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். இப்பானங்களிலோ சர்க்கரை அதைப்போல் பல மடங்கு. அளவு மிஞ்சிய சர்க்கரை, நீரைக் குடலுக்குள் இழுத்து நோயை வளர்க்கும். ஹைதராபாத்துக் குழந்தை வைத்தியர் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் தன்னந்தனியே போராடியதன் பின், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அப்பெயரைப் பானங்களுக்கு இடலாகாதென்று உத்தரவிட்டது.

ஆகவே, வீட்டில் குழந்தையுள்ள நேயர்கள் பொட்டலம் வாங்கும்போது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவென்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குக. பொட்டலம் அகப்படாத வேளையில், காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டர், தலைதட்டிய சிறு தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு ஒருபோதும் மிஞ்சக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாய்ப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். கண் குழிவிழுந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், உடனே டாக்டரிடம் கொண்டு செல்லவேண்டும்.