கோடையும் கூச்சமும்

மாசி இன்னும் முடியவில்லை. அதற்குள் வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. பள்ளி வாயிலுக்கு வெளியே ஐஸ் வண்டியின் மணியும் கேட்கத் தொடங்கிவிட்டது. பள்ளி மணியைக் காட்டிலும் அந்த மணிக்கு நாங்கள் விரைந்து கீழ்ப்படிகிறோம் என்பது எங்கள் ஆசிரியைகள் அறிந்த இரகசியம். சேமியா ஐஸை வெறுப்பவர் எங்கள் வகுப்பில் எவருமிலர். ஆகவே ஐஸ்காரத் தாத்தா எங்கள்மீது கோபம் கொள்ள வேண்டாம். நாங்கள் சொல்ல வந்தது வேறு.

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம். பிற்பகல் உடற்பயிற்சி வகுப்பில் எங்கள் தோழி ஒருத்தி மயங்கி விழுந்தாள். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறோம், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.) அருட்சகோதரி ஓடி வந்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் புகட்டினார்கள். கண் விழித்தவளிடம், "மதியம் என்ன சாப்பிட்டாய், அம்மா?" என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. பதில் எங்களுக்குத் தெரியும். முதல் நாள் மதியம் அவள் தூக்குச்சட்டியைத் திறந்தபோது பழைய கஞ்சியின் புளித்த மணம் எழுந்தது. ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். மற்றவர்கள் சிரித்தோம். மறுநாள் அவள் தூக்குச்சட்டியைக் கொண்டு வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

சிரித்த நாங்கள் அன்று என்ன குடித்துக்கொண்டிருந்தோம்? கலர்! பெரும்பாலான கோலா பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு. பாட்டிலின் மேலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. 250 மில்லி குடித்தால் ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. நம் வீட்டில் காப்பியில் ஐந்து தேக்கரண்டி போட்டால் அம்மா கையைத் தட்டிவிட மாட்டார்களா? வியர்வையில் நீர் மட்டுமா போகிறது? உப்பும் அன்றோ போகிறது! உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் நீர்மோரும் இரண்டையும் திருப்பித் தருகின்றன. அருட்சகோதரி கலக்கிய நீருக்கும் அளவு உண்டாம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடிவிடக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார்கள்.

அந்தத் தோழியின் அப்பா பனையேறும் தொழிலாளி. மயக்கம் தெளிந்த கதைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவள் ஊருக்குப் போனோம். காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவ வேண்டும்; ஒரு நாள் தவறினாலும் பாளை காய்ந்துவிடும் என்றார் மாமா. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். இத்தனை நாளாக 'பதநீரில் ஏன் சுண்ணாம்பு மணம்?' என்று முகம் சுளித்த எங்களுக்கு அன்றுதான் விடை கிடைத்தது. பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றி, அதில் இளநுங்கைப் பிதுக்கிப் போட்டுத் தந்தார். பட்டையைச் சாய்த்துக் குடிக்கத் தெரியாமல் பாதியைத் தாவணியில் ஊற்றிக்கொண்டவளைப் பார்த்து இப்போது அவள் சிரித்தாள். முறைதானே!

அவர்கள் வீட்டு மண்பானைத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. இதை அறிவியல் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். வீட்டிலோ பானையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டோம். (கடற்கரை ஊர்த் தோழியர், தங்கள் வீட்டுப் பானை இவ்வளவு குளிர்வதில்லை என்கிறார்கள். அங்கே காற்றிலேயே ஈரம் மிகுதி. நீர் எளிதில் ஆவியாவதில்லை. பானைமேல் குற்றமில்லை!)

யோசித்துப் பார்த்தால், எல்லோர் வீட்டிலும் இதே எளிய உணவுகள்தாம். எங்கள் பங்கில் பெரிய வெள்ளியன்று கஞ்சி வார்க்கிறார்கள். இராமநவமிக்குத் தோழியர் வீட்டில் நீர்மோரும், வெல்லமும் சுக்கும் ஏலமும் மணக்கும் பானகமும். நோன்பு நாட்களில் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்கில் வாங்கி வந்து எங்களுக்கும் தரும் தோழியரும் உண்டு. விழா நாளில் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பதைச் சாதாரண நாளில் தூக்குச்சட்டியில் கண்டால் மட்டும் ஏன் சிரிக்கிறோம்?

கூச்சத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், ஆசிரியைகள் பொறுத்தருள்க. எங்களில் பலர் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் வகுப்பின் நடுவே எழுந்து அனுமதி கேட்க வேண்டுமே! அந்தக் கூச்சத்துக்காகக் காலை முதல் மாலைவரை நாவறண்டு இருக்கிறோம். தலைவலியும் நீர்க்கடுப்பும் வந்த பிறகுதான் வீட்டில் சொல்கிறோம். கேட்காமலே எழுந்து போய் வரலாம் என்று ஆசிரியைகள் ஒரு வார்த்தை சொன்னால், நீர்மோரைவிட அது எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் கருத்து இதுதான்: வெயில் தணியும்வரை பள்ளித் தாழ்வாரத்தில் இரண்டு மண்பானைகள் வைக்க வேண்டும். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட நீர்மோர். மோர் கடையும் முறையை ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பு ஏற்கலாம். அரசுத் தேர்வு எழுதும் எங்களை மட்டும் மன்னித்து விடுங்கள், ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே!

எங்கள் பிரிவு உபசார விழாவுக்குக் கலர் பாட்டில்களுக்குப் பதிலாகப் பதநீர் தரலாமா என்று மதரிடம் கேட்டோம். சிரித்தார்கள், விடை இன்னும் வரவில்லை. தோழியின் அப்பாவிடம் சொல்லி வைத்தாயிற்று. வெயில் ஏறினால் சுவை மாறிவிடுமாம்; ஆகையால் விழாவைக் காலையில் வைக்கச் சொல்கிறார். பட்டை பிடிக்கத் தெரியாதவர்களுக்கு முதல் நாளே பழக்கித் தருவதாக அவளும் சொல்லியிருக்கிறாள்.