வெளிநாட்டு போனும் வீட்டு சிம்மும்

விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளின் பெட்டியில் சாக்லேட், வைட்டமின் மாத்திரை, கோடாலித் தைலம் வரிசையில் இப்போது தவறாமல் இடம்பிடிப்பது ஒரு ஸ்மார்ட்போன். "அம்மா, அந்தப் பழைய போனைத் தூக்கிப் போடு. இது அன்லாக்டு போன். நம்மூர் சிம்மைப் போட்டா போதும், வேலை செய்யும்" என்று மகன் நீட்டுவார். அம்மாவும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

பாதி வீடுகளில் அது உண்மையிலேயே வேலை செய்துவிடுகிறது. மீதி வீடுகளில் சிம் போட இடமே இருக்காது. அல்லது நெட் வரும், பேச முடியாது. அல்லது வாசலில் பேசலாம், சமையலறைக்குப் போனால் கட்டாகும். மகன் திரும்பி விமானம் ஏறிய பிறகு போன் மேஜை டிராயருக்குப் போய்விடும்.

கோளாறு பெரும்பாலும் போனில் இல்லை. 'அன்லாக்டு' என்ற வார்த்தையில் இருக்கிறது. அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: விற்ற டெலிகாம் கம்பெனி போட்ட பூட்டு இதில் இல்லை, வேறு கம்பெனி சிம்மையும் இது ஏற்கும். அந்த வேறு கம்பெனியின் டவரோடு ஒழுங்காகப் பேசும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

முதலில் பூட்டு. ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை. கனடாவில் 2017 டிசம்பரில் இருந்தும், பிரிட்டனில் 2021 டிசம்பரில் இருந்தும் பூட்டிய போனை விற்கவே கூடாது என்று விதி. ஜப்பானும் 2021 அக்டோபரில் பெரும்பாலும் இதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில்தான் கவனம் வேண்டும். அங்கே கம்பெனியிடம் மாதத் தவணையில் எடுத்த போன், பொதுவாகக் கடன் முழுவதும் அடைபட்டு, அவர்கள் சொல்லும் காலமும் முடிந்தால்தான் திறக்கும். 'பாதி விலைக்குக் கிடைத்தது' என்று யாராவது சொன்னால், அது எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சாம்சங் கேலக்ஸி போன்களில் இன்னொரு சங்கதி உண்டு. பூட்டே இல்லாத போனாக இருந்தாலும், விற்ற பிராந்தியத்தைச் சேர்ந்த சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடமாவது பேசியிருக்க வேண்டும் என்று பெட்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 2013இல் நோட் 3 வந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. பரிசுப் பொருளாயிற்றே, சீல் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைக்கும் பாசக்காரப் பிள்ளைகள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கேயே பிரித்து, அந்த ஊர் சிம்மைப் போட்டு, நண்பர் யாருக்காவது போன் செய்து ஐந்து நிமிடம் அரட்டை அடித்துவிட்டுக் கொண்டுவருவதே சரி.

அடுத்தது அலைவரிசை. இதைப் 'பேண்ட்' என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நம்மூர் 4ஜி பெரும்பாலும் ஓடுவது பேண்ட் 1, 3, 5, 8, 40, 41 ஆகியவற்றில். பிஎஸ்என்எல்லின் புதிய 4ஜிக்கு பேண்ட் 28ம் வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகள் அதிகம் நம்பியிருக்கும் 2, 4, 12, 66, 71 போன்றவை இங்கே இல்லை. விலை உயர்ந்த ஐபோன், கேலக்ஸி போன்றவற்றில் உலகத்துக்கே பொதுவாக எல்லா பேண்டுகளையும் அடுக்கிவிடுவதால் பெரிய சிக்கல் வராது. அந்த நாட்டு டெலிகாம் கம்பெனிக்கென்றே மலிவாகச் செய்த ஆண்ட்ராய்டு போன்களில்தான் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும்.

ஒன்றிரண்டு விட்டுப்போனால் என்ன என்று கேட்கலாம். எந்த ஒன்று என்பதைப் பொறுத்தது. 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசை வேகமாகத் தரவைக் கொண்டுவரும், ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். தாழ்ந்த பேண்ட் இல்லாத போன் மொட்டை மாடியில் பிரமாதமாக ஓடும், பழைய வீட்டின் நடு அறையில் ஊமையாகிவிடும். ஜியோவுக்கு அந்தச் சுவர் தாண்டும் பேண்ட் 5. ஏர்டெல்லுக்கும் வோடஃபோன் ஐடியாவுக்கும் பேண்ட் 8. 5ஜி என்றால் முதலில் பார்க்க வேண்டியது என்78. ஜியோ வைத்திருப்பவர்களுக்கு என்28ம் இருந்தால் வீட்டுக்குள் நல்லது.

எல்லா பேண்டும் இருந்தும் பேச முடியாமல் போகும் போன்கள்தான் அதிகம் குழப்புகின்றன. காரணம் வோல்ட்இ. 4ஜி அடிப்படையில் தரவுக்காக வந்த வழி. அதன் மேலேயே குரலையும் அனுப்பும் ஏற்பாட்டுக்குத்தான் வோல்ட்இ என்று பெயர். 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே ஜியோ 2ஜியும் 3ஜியும் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே வோல்ட்இ வேலை செய்யாத போனில் ஜியோ சிம்மைப் போட்டால் யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் வரும், பக்கத்து வீட்டுக்காரர் சாதாரணமாகப் போன் செய்தால் மட்டும் கிடைக்காது. ஏர்டெல்லில் 2ஜி இன்னும் இருப்பதால் மணி அடிக்கும். ஆனால் அழைப்பு வந்ததும் போன் 2ஜிக்கு இறங்கிவிடும், பேசி முடிக்கும்வரை நெட் நின்றுவிடும்.

இந்த வோல்ட்இ போன் கம்பெனியும் டெலிகாம் கம்பெனியும் பேசி வைத்து, சாஃப்ட்வேரில் திறந்துவிட வேண்டிய கதவு. இதற்கு நல்ல உதாரணம் 5ஜி. இந்தியாவில் 2022 அக்டோபர் 1ஆம் தேதி 5ஜி தொடங்கியது. அப்போதே லட்சம் ரூபாய் ஐபோன் வைத்திருந்தவர்களின் போனில் 5ஜிக்கான எல்லாக் கருவியும் உள்ளே இருந்தது. ஆனாலும் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். இங்கேயே வாங்கிய போனுக்கே அப்படி என்றால், இந்தியாவில் விற்பனைக்கே வராத மாடலுக்கு யார் கதவு திறப்பார்கள்? கூகுளின் பிக்ஸல் 4 இங்கே வராமல் போனதற்கு அதில் இருந்த குட்டி ரேடார் காரணம். அது பயன்படுத்திய 60 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இங்கே அனுமதி இல்லை. பிக்ஸல் 6ம் வரவில்லை. ஆக, வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய எளிய கேள்வி ஒன்று உண்டு: இதே மாடல் எண் இந்தியாவில் விற்கிறதா? பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, பின்பக்கத்திலோ பெட்டியிலோ இருக்கும் மாடல் எண் முக்கியம். எண் வேறாக இருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் இரண்டு எண்களின் பேண்ட் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

இனி சிம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இல் வந்த ஐபோன் 14 முதல் சிம் போடும் துளையே கிடையாது. இ-சிம் மட்டும்தான். 2025இல் வந்த ஐபோன் 17இல் இந்த வழக்கம் கனடா, மெக்சிகோ, ஜப்பான் என்று பரவி, சவூதி, எமிரேட்ஸ், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் வரைக்கும் வந்துவிட்டது. துபாயில் இருந்து போன் வரும் வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய நினைப்பில் சிம் ஊசியைத் தேடாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும். சீனாவில் விற்கும் ஐபோன்களின் கதை நேர்மாறு, இரண்டு சாதாரண சிம் போடும் இடத்தோடு வந்தவை அவை. அங்கே விற்கும் ஆண்ட்ராய்டு போன்களிலோ கூகுள் ப்ளே ஸ்டோரே இருக்காது.

இ-சிம் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றிலும் உண்டு. பிஎஸ்என்எல் தமிழ்நாட்டில் 2025இல்தான் தொடங்கியது. ஆனால் அம்மாவின் எண்ணை இ-சிம்முக்கு மாற்றுவது புதுப் போன் வாங்குவதைப் போல இல்லை, வீட்டுப் பத்திரத்தை இடம் மாற்றி வைப்பதைப் போல. பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு, ஆதார், காஸ் சிலிண்டர் டெலிவரிக்குச் சொல்லும் ஓடிபி, எல்லாமே அந்தப் பத்து இலக்க எண்ணில்தான் தொங்குகின்றன.

முதல் கேள்வி, எண் யார் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் அம்மா பேசும் சிம் அப்பா பெயரில் இருக்கும். அப்பா காலமாகிச் சில வருடங்கள்கூட ஆகியிருக்கும். சிம் ஓடும்வரை யாரும் கவலைப்படுவதில்லை. மாற்றும்போதுதான் பெயருக்குரியவர் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்ற நிலை வரும். எனவே இ-சிம்முக்கு முன்பாகவே, கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கு நேரில் போய், எண்ணை அம்மா பெயருக்கு மாற்றிக்கொள்வது முதல் வேலை. அங்கே பதியும் மின்னஞ்சலும் அம்மா திறக்கக்கூடியதாக இருக்கட்டும். மகனின் ஆபீஸ் மின்னஞ்சல் வேண்டாம்.

இரண்டாவது, நாள் பார்ப்பது. ராகுகாலம் அல்ல. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க அரசே வைத்த ஏற்பாடு இது. வங்கி ஓடிபி வராது, ஜிபே, போன்பே போன்ற செயலிகளைப் புதுப் போனில் பதிவு செய்யவும் முடியாது, அதற்கும் எஸ்எம்எஸ் போக வேண்டும். மகன் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வந்த வாரத்திலேயே, பணம் கட்ட வேண்டிய அவசரம் எதுவும் இல்லாத நாளில் செய்துவிட வேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. "கஸ்டமர் கேரில் இருந்து பேசுகிறோம், உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று போன் வரும். சொன்னால், அம்மாவின் எண் மோசடிக்காரன் போனுக்குப் போய்விடும். கையில் இருக்கும் போனில் சிக்னல் காணாமல் போகும், ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். இ-சிம் என்பது கம்பெனி நம்மைத் தேடி வந்து தருவது அல்ல, நாம் கேட்டு வாங்குவது. கேட்காமல் வந்த எந்த அழைப்பும் பொய். காரணமில்லாமல் சிக்னல் செத்துப்போனால் வேறு போனில் இருந்து உடனே டெலிகாம் கம்பெனிக்கும் வங்கிக்கும் பேச வேண்டும். பணம் போயிருந்தால் 1930.

இன்னொரு நடைமுறைச் சங்கடமும் உண்டு. சாதாரண சிம் போட்ட போன் தண்ணீரில் விழுந்தால், சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டு அடுத்த ஐந்து நிமிடத்தில் பேசலாம். இ-சிம்மில் அது முடியாது. தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு இந்த ஒரு வசதியே பெரிது. அவருக்குத் துளை உள்ள, இங்கேயே வாங்கிய, நடுத்தர விலைப் போன்தான் பொருத்தம். வெளிநாட்டில் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களுக்கு வாரண்டியும் வாங்கிய நாட்டோடு சரி.

சார்ஜருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். அதன் மேல் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் நம்மூர் 230 வோல்ட்டுக்கும் அது போதும், பின் மட்டும் மாற்ற வேண்டும். மகன் தான் பயன்படுத்திய ஐபோனைத் தருகிறார் என்றால், தன் ஆப்பிள் கணக்கில் இருந்து முழுவதுமாக வெளியேறி, 'ஃபைண்ட் மை'யை அணைத்துவிட்டுத் தர வேண்டும். தெரியாதவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் *#06# அழுத்தி 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து, 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எந்த மாடல், இங்கே முடக்கப்பட்டதா என்று பதில் வரும். போன் எந்த மாடல் என்று விற்றவர் சொன்னதும் பதிலில் வருவதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஜப்பானிலோ கொரியாவிலோ வாங்கிய போன் என்றால் ஒரு கூடுதல் அனுபவம் காத்திருக்கலாம். சைலன்ட்டில் வைத்தாலும் படம் எடுக்கும்போது 'க்ளிக்' என்று சத்தம் போடும். திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்க அந்த ஊரில் வைத்த வழக்கம். பேரக்குழந்தை தூங்கும்போது படம் எடுக்கும் பாட்டிகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உத்தமம்.

போன் கைக்கு வந்த அன்றே ஒரு சோதனை. இ-சிம்முக்கு மாற்றும் முன்பே, மகனோ மருமகளோ தங்கள் இந்திய எண்ணை அதில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அது அம்மா வைத்திருக்கும் அதே கம்பெனி எண்ணாக இருக்க வேண்டும். வீட்டிலேயே சிக்னல் குறைந்த அறைக்குப் போய் நின்று, யாரையாவது அழைத்து, பேச்சை வெட்டாமல் யூடியூபைத் திறக்க வேண்டும். படம் ஓடினால் வோல்ட்இ வேலை செய்கிறது. நின்றுவிட்டால் 2ஜிக்கு இறங்கிவிட்டது. பிறகு வேறு போனில் இருந்து இதற்கு அழைத்து மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், இதை மறப்பவர்கள்தான் அதிகம். இவ்வளவும் தேறிய பிறகும், பழைய போனைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு மாதமாவது சார்ஜ் போட்டு, பீரோவுக்கு மேலே இருக்கட்டும்.